பனிக்காகச் செய்த இருக்கை

எங்கள் காரின் இருக்கையில் நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்து, கோயில் வாசலில் ஒரு பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றியவர் என் நாத்தனார். கார் எங்கள் கைக்கு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. வாகன பூஜைக்காக ஜொகூர் பாருவில் ஒரு கோயிலுக்குக் கொண்டுபோயிருந்தோம். ஐயர் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தபோது என் கணவர் குறுக்கே புகுந்தார்.

“சாமி, முன்னாடி வேணாம். இந்தக் காடில பின்னாடி டயருதான் வேல செய்யுது. அங்க வைங்க.”

“எந்தக் காடியா இருந்தா என்னங்க, முன்னாடி வைக்கிறதுதான் வழக்கம்” என்றார் ஐயர். இவர் விடவில்லை. பின்னால் காத்திருந்த வேன்காரர் ஹாரன் அடிக்கத் தொடங்கியதும் ஐயர் நான்கு சக்கரத்துக்கும் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

இந்தப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்த நேரத்தில் நாத்தனார் காருக்குள் ஏறி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக இருக்கும். உள்ளே இறங்கும்போது எதையோ அழுத்தியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் “ஐயோ அண்ணி, சுடுது! அடியில நெருப்பு!” என்று அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தார். கையிலிருந்த பாட்டிலைத் திறந்து இருக்கையில் கவிழ்த்தார். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் மண் அள்ளி வர ஓடினார்.

என் கணவர் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நெருப்பு இல்ல, ஹீட்டரு! சீட்ட சூடு பண்றதுக்கு!” ஜப்பானின் வடக்கே, பனி கொட்டும் ஊரில் ஓடிய பழைய கார் அது. அங்கே உட்காருகிறவர்களுக்குக் குளிராமல் இருக்க இருக்கைக்குள்ளேயே கம்பி வைத்திருக்கிறார்கள். ஜொகூரில் மத்தியான வெயிலில் நிறுத்திய காரில் உட்கார்ந்தாலே உடம்பு வெந்துவிடும், இதில் தனியாக ஒரு சூடு யாருக்கு வேண்டும்? அடுத்த வாரமே ஒர்க்‌ஷாப்பில் சொல்லி அந்த ஒயரைக் கழற்றிப் போட்டோம். பொத்தான் மட்டும் சும்மா இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி நாத்தனாரின் மானத்தை வாங்கினோம்.

அந்தக் காரை அவர் வாங்கியதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. “குடும்பத்துக்கு உதவாத காடி. மார்க்கெட் சாமான் வச்சா நான் எங்க உக்கார்றது?” என்று கேட்டேன். ஆனால் ரொம்பவும் சண்டை போட மனசு வரவில்லை. அவர் பாலோ பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிங்கப்பூரில் ஏர்கோன் பழுது பார்க்கும் வேலை. ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று, போய் வருவார். வருஷக் கடைசி மழையில் மழைக்கோட்டையும் மீறி உள்ளே நனைந்து வருவார். அவருடைய சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்துக் காயவைப்பது என் வேலை. எங்கள் ஒரே மகள் படித்து முடித்து அவளும் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், தனக்கென்று ஆசைப்பட்டு ஒரு பொருளை வாங்கினார். அதுதான் இந்தக் கார்.

அவருக்குப் பனிமேல் அப்படி ஒரு பைத்தியம். பின் சக்கரம் தள்ளும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பனியில் ஓட்டுகிறவர்களின் வீடியோக்களை மணிக்கணக்காகப் பார்ப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பாதி கற்றுக்கொண்டேன். நம் ஊர்ச் சின்னக் கார்களை முன் சக்கரங்கள் இழுத்துக்கொண்டு போகின்றன. இந்த மாதிரிக் காரைப் பின் சக்கரங்கள் தள்ளுகின்றன. வழுக்கும் இடத்தில் அவசரப்பட்டு மிதித்தால் பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு விலகி ஓடும். அதனால் சிலர் பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் மணல் மூட்டை போட்டு வைப்பார்கள். “ஒரு தடவ. ஒரே ஒரு தடவ ஸ்னோவுல ஓட்டிறணும்” என்பார். ரிட்டையர் ஆனதும் கார் வந்த ஊருக்கே போய், அங்கே ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதாகத் திட்டம். எனக்கும் சேர்த்துக் கம்பளிக் கோட்டு வாங்கிவிட்டார். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது என் மூஞ்சியில் இடிக்கும்.

இருக்கைக்கு அடியில், கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் பிளாஸ்டிக் கரண்டி ஒன்று கிடந்தது. முன்பு வைத்திருந்தவர் மறந்துபோனது. சப்பாத்தி மாவைப் பலகையிலிருந்து வழிக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. நான் அடுப்படிக்குக் கொண்டுபோவேன், அவர் கழுவித் துடைத்துத் திரும்பக் காரில் வைப்பார். இதற்கென்றே எங்களுக்குள் ஒரு போர் நடந்தது. நவம்பர், டிசம்பரில் மழை சாலையை மறைத்துக்கொண்டு கொட்டும்போது, “இதான் நம்ம ஸ்னோ” என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். திரும்பி வரும்போது முகம் அப்படியே மலர்ந்திருக்கும்.

இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி அவருடைய கண்ணைத்தான் முதலில் தொட்டது. கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். கையில் ஊசி, பக்கத்தில் மிஷின். பனியூருக்குப் போகும் பேச்சு அதோடு நின்றது. நான் வேலை செய்த அலுவலகத்தில் பாதி நேர வேலைக்கு மாறிக்கொண்டு, என் சின்னக் காரில் அவரை ஜொகூர் பாருவில் இருக்கும் மையத்துக்கு அழைத்துப்போனேன். ஸ்போர்ட்ஸ் கார் உறை போட்டு வாசலில் நின்றது.

சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது அவருக்குக் குளிர் தாங்காது. ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வருவதால் சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் நர்ஸ். வெளியில் வெயில் கொளுத்தும். இவர் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு பல் கிட்ட நடந்து வருவார். ஏர்கோனை நிறுத்தி, ஜன்னலை ஏற்றி, போர்வையைப் போட்டாலும் வீடு வரும்வரை நடுக்கம் நிற்காது. மோட்டார் சைக்கிளில் நனைந்து வந்த காலத்தில்கூட “குளுருது” என்று சொல்லாத மனுஷன். அவர் பேச்சு குறைந்துகொண்டே போனதைக் கவனித்தேன், அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

“தீவாளிக்கு அப்புறம் நான் போகலம்மா.”

“எங்க?”

“அந்த மிஷினுக்கு. போதும்.”

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து முன்பே விளக்கியிருந்தார். சில வாரங்கள்கூடத் தாங்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அழுதேன், கத்தினேன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மகள் சிங்கப்பூரிலிருந்து வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாரே தவிர, சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“வாரத்துக்கு ஒரு தடவ அந்தக் காடிய ஸ்டார்ட் பண்ணி விடு. பேட்டரி வீக்காயிரும்.”

எனக்கு வந்ததே கோபம்! உயிரே வேண்டாம் என்கிற மனுஷனுக்குப் பேட்டரியைப் பற்றி என்ன கவலை? வாயைத் திறந்து நன்றாகக் கேட்டுவிட நினைத்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த உலகத்தில் இன்னும் ஏதோ ஒன்று வீணாகிவிடக் கூடாது என்று அவர் நினைக்கிறார். அது நானாக இல்லாமல் காராக இருந்ததில் வருத்தம்தான், ஆனால் வருத்தப்பட அது நேரமில்லை.

“ஸ்டார்ட் மட்டும்லாம் பண்ணமாட்டேன். ஓட்டுவேன்” என்றேன். “ஆனா எனக்குத் தெரியாது. பக்கத்துல உக்காந்து நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். திங்க, புதன், வெள்ளி. மத்த நாள்ல எனக்கு டைம் இல்ல.”

அவர் என்னையே பார்த்தார். பார்வை மங்கினாலும் என் தில்லுமுல்லு அவருக்குத் தெரியாமல் போகுமா? “கள்ளி” என்றார். பிறகு, “சரி, மழ சீசன் முடியிற வரைக்கும்” என்றார்.

என் லைசென்ஸ் கியர் காருக்கு எடுத்ததுதான், ஆனால் பல வருஷமாக ஆட்டோ கியரில் சொகுசாகப் பழகிய கால் இது. முதல் நாள் சிக்னலுக்குச் சிக்னல் எஞ்சின் நின்றது. பின்னால் மோட்டார் சைக்கிள்கள் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போயின. பெரிய லோரிகளின் சக்கரம் என் தலைக்கு நேராகச் சுற்றியது. அவை வாரியடித்த தண்ணீரில் முன்கண்ணாடி மூடிக்கொள்ளும்போதெல்லாம் தெரிந்த சாமி பெயர்களையெல்லாம் கூப்பிட்டேன். அவர் மட்டும் நிதானமாக, பூஜை அறையில் பேசுகிற குரலில் சொல்லிக்கொண்டே வருவார். “மெதுவா. மெதுவா மிதி. வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சிரு. பின்னாடி போச்சுன்னா பிரேக்க மிதிக்காத. எங்க போகணுமோ அங்க பாரு, கையி தானா திருப்பும்.” நர்ஸ்களிடம் அன்றன்றைய பாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். என் மனைவி இன்றைக்கு எஞ்சினை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை என்று பெருமையடித்துக்கொண்டாராம். இதற்கே நான் பாதிப் பிழைத்தேன்.

இருந்தாலும் பயம் விடவில்லை. மழை நாளில் பின்பக்கம் லேசாக நெளிவதை இடுப்பிலேயே உணர முடியும். வீடியோவில் பார்த்த மணல் மூட்டை ஞாபகம் வந்தது. மணலுக்கு எங்கே போவது? கடையில் பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டு வாங்கினேன். அவருக்குச் சொல்லாமல் பூட்டில் வைத்தேன். பின்னால் கனம் இருந்தால் சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும், சமைக்கவும் ஆகும் என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை, ஸ்கூடாயில் பெருஞ்சாலைக்கு ஏறும் வளைவில், மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் வேகமாகத்தான் திருப்பினேன். பூட்டில் ஏதோ உருண்டு இடித்த சத்தம் கேட்டது. அடுத்த நொடி பின்பக்கம் கிளம்பிவிட்டது. அத்தனை நாள் கேட்ட பாடமெல்லாம் பறந்துபோய், பழைய பழக்கத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். கார் அரைச் சுற்றுச் சுற்றி, வந்த பக்கமே திரும்பி நின்றது. எதிரே ஒரு லோரி. அதன் முன்விளக்கு இரண்டும் என் கண்ணுக்கு நேராக வந்து, நல்லவேளையாக நின்றன.

லோரியை ஓட்டி வந்த மலாய்க்காரர் மழையில் குதித்து இறங்கி ஓடிவந்தார். “காக், ஓகே தாக்? ஓகே?” என்று ஜன்னலைத் தட்டி, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் தன் லோரியைக் குறுக்கே விட்டு மற்ற வண்டிகளை நிறுத்தி, நான் காரைத் திருப்பும்வரை நனைந்துகொண்டே கைகாட்டினார். அந்த முகத்தை இன்றைக்குப் பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

மையத்தின் வாசலில் நிறுத்தியதும் என் கணவர் இறங்கித் தடவித் தடவிப் போய்ப் பூட்டைத் திறந்தார். ஒரு பை கிழிந்து அரிசி முழுதும் கொட்டிக் கிடந்தது.

“இது என்னா?”

“அரிசி. அவங்க மணல் மூட்ட வைக்கிறாங்கல்ல…”

“கட்டி வச்சியா?”

“இல்ல.”

“அவங்க உருளாம கட்டி வைப்பாங்கம்மா. இது வளைவுல ஒரு பக்கமா ஓடுச்சு, காடியும் கூடவே போயிருச்சு.”

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பூட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “என்னக் காப்பாத்துறேன்னு நீ சாகப் பாக்குற” என்றார். “காடிய வித்துரு. இதுவும் போதும். இன்னியோட சரி.”

புதன்கிழமை அவர் எழுந்திருக்கவில்லை. சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன், திரும்பவும் அலமாரியில் வைத்தேன். என்னால் கெஞ்சக்கூட முடியவில்லை. அவரைப் போகவைக்க நான் கண்டுபிடித்த ஒரே வழியை நானே கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. வியாழக்கிழமை கால்கள் வீங்கிவிட்டன. வெள்ளிக்கிழமை காலையில் மூச்சு வாங்கியது. மகள் லீவு போட்டு வந்திருந்தாள். “மூச்சு முட்டுறதுக்காச்சும் போவோம்பா, இன்னிக்கி மட்டும்” என்றாள். அவளுக்காகத் தலையசைத்தார். அவள் என் சின்னக் காரில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

நான் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். விற்பதற்கு விலை கேட்கத்தான் போனேன். அதில் சந்தேகமே வேண்டாம். சீன முதலாளி காரைச் சுற்றிப் பார்த்து, பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, மழையில் இதை வைத்துக்கொண்டா ஓட்டினீர்கள் என்று மலாயில் என்னைத் திட்டினார். அவர் டயரைக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் ஊற்றிய தண்ணீரின் கறை அதில் இன்னும் இருந்தது. ‘சுடுது, சுடுது’ என்று அவர் அலறியது காதில் கேட்டது. அத்தனை மாதமாகப் போர்வையும் துண்டுமாகச் சுமந்த எனக்கு ஏன் இது ஞாபகம் வரவில்லை என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

“டயர் ரெண்டும் புதுசு போடுங்க” என்றேன். “அந்த சீட்டு ஹீட்டர் ஒயரையும் திரும்ப மாட்டுங்க.”

“அலமாக்!” என்றார் முதலாளி. “ஜொகூர் பாருல ஸ்னோவா, ஆன்ட்டி?”

“எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் பெய்யுது” என்றேன். அவர் வேறு காரில் வேலையாக இருந்த ஆளைக் கூப்பிட்டு என் காரை உள்ளே எடுக்கச் சொன்னார்.

மையத்துக்கு வந்து சேர்ந்தபோது சிகிச்சை முடிகிற நேரம். மறுபடியும் மழை. வாசலிலேயே நிறுத்தி, பொத்தானை அழுத்தி, ஏர்கோனை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். மகள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். துண்டு தோளில், முகம் வெளிறி, உதடு நடுங்க. ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“விக்கலயா?”

“ஏறுங்க, மழ அடிக்குது.”

மெல்லக் குனிந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து உட்கார்ந்தார். கதவை மூடினேன். கிளம்பினேன். அடுத்த சிக்னலில் அவர் உள்ளங்கையை இருக்கையில் வைத்துப் பார்த்தார். முதுகை நன்றாகச் சாய்த்தார்.

“சுடுதே” என்றார்.

“உங்க தங்கச்சியக் கூப்பிடவா? தண்ணி ஊத்துவாங்க.”

அவர் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. எத்தனையோ மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. கொஞ்ச தூரத்தில் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நடுக்கம் நின்றிருந்தது. எனக்குத்தான் ரவிக்கை முதுகோடு ஒட்டி, வேர்த்துக் கண்ணில் வழிந்தது.

“ஏர்கோன போட்டுக்க, நீ வேர்த்து ஊத்துற.”

“வேணாம்.”

ஸ்கூடாய் வளைவு வந்தது. முன்பே வேகத்தைக் குறைத்து, போக வேண்டிய இடத்தைப் பார்த்துத் திருப்பினேன். பின்பக்கம் சொன்னபடி கேட்டு வந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

“மண்டே மழ பெஞ்சா கொஞ்சம் சீக்கிரமே கெளம்பணும்” என்றார், கண்ணைத் திறக்காமலே.

“சரிங்க” என்றேன். திரும்பி அவரைப் பார்க்கவில்லை, சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன்.